பெருந்தொற்றிலும் பிரசவ சேவை நிற்காமலிருக்க: துறைகள் கைகோர்த்து இயங்கும் முறை

பெருந்தொற்று வந்தால் கண்புரை அறுவையைத் தள்ளிப்போடலாம், மூட்டு அறுவையைத் தள்ளிப்போடலாம். பிரசவத்தைத் தள்ளிப்போட முடியாது. வரும் எட்டு மாதங்களில் குழந்தை பெறப்போகும் பெண்களில் ஏறக்குறைய எல்லாருமே இன்று கர்ப்பமாக இருப்பவர்கள்தான். நோய் எத்தனை பேரைத் தாக்கும் என்பதைத் துல்லியமாகச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் அடுத்த மாதம் எத்தனை பிரசவம் நடக்கும் என்பதை இன்றைக்கே கணக்குப் போட்டுவிடலாம். சுகாதாரத் துறை, மருத்துவமனைகள், ஆம்புலன்ஸ் சேவை, காவல்துறை, ரத்த வங்கி, தொண்டு நிறுவனங்கள் என யார் வந்து உட்கார்ந்தாலும், பேச்சு இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கணக்கு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 2020இல் நேபாளத்தில் 9 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில், பொதுமுடக்கத்தின்போது மருத்துவமனைப் பிரசவங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. வந்து சேர்ந்தவர்களிடையேகூட, உயிருடன் பிறந்த 1,000 குழந்தைகளில் பச்சிளம் பருவத்தில் இறந்தவை 13இலிருந்து 40ஆக உயர்ந்தன. 2014-15இல் சியரா லியோனில், எபோலாவால் மகப்பேறு சேவையை நாடுவது குறைந்த காரணத்தினாலேயே தாய், சிசு இறப்புகளும் இறந்து பிறந்த குழந்தைகளுமாகச் சுமார் 3,600 உயிர்கள் கூடுதலாகப் போயின என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அந்த நாட்டில் எபோலா நேரடியாகக் கொன்றவர்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வரும் எண் இது.

முதல் வேலை: எண்களை எழுதுங்கள்

5 லட்சம் மக்கள்தொகை கொண்ட பகுதி என்று வைத்துக்கொள்வோம். பிறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 20 என்றால் ஆண்டுக்கு 10,000 பிரசவம், மாதத்துக்கு ஏறத்தாழ 833. இந்த 833இல் சுமார் 15 விழுக்காட்டினருக்கு, அதாவது 125 பேருக்கு, ஏதாவது ஒரு சிக்கல் வரும். 10இல் ஒரு குழந்தை குறைமாதத்தில் பிறக்கும், அது 83. சிசேரியன் தேவை 10 விழுக்காடு என்று கொண்டால் அதுவும் 83. உங்கள் பகுதியின் உண்மையான பிறப்பு விகிதத்தைப் போட்டு இதை மாற்றிக்கொள்ளுங்கள்.

இதோடு நிறுத்தக் கூடாது. களப்பணியாளர்களின் பதிவேட்டிலிருந்து பிரசவத் தேதி வாரியான பட்டியல் ஒன்றை எடுக்க வேண்டும்: பெயர், ஊர், எதிர்பார்க்கும் தேதி, தொலைபேசி எண், அபாயக் குறிப்பு (முந்தைய சிசேரியன், உயர் ரத்த அழுத்தம், ரத்தசோகை, இரட்டைக் குழந்தை), எந்த மருத்துவமனைக்குப் போவார், வண்டி எது. வாரம் ஒருமுறை இதைப் புதுப்பிக்க வேண்டும். கணக்கு 833 என்கிறது, பட்டியலில் 600 பெயர்தான் இருக்கிறது என்றால், பதிவே ஆகாத பெண்கள் 200க்கு மேல் எங்கோ இருக்கிறார்கள். புலம்பெயர்ந்த தொழிலாளர் குடும்பங்கள், முகாம்களில் இருப்பவர்கள், பிரசவத்துக்குத் தாய்வீடு போய் அங்கேயே முடக்கத்தில் மாட்டிக்கொண்டவர்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் விழுகிறார்கள். தாய்வீட்டுக்குப் போனவரின் பெயர் புறப்பட்ட இடத்துப் பட்டியலில் இருக்கும், வந்து சேர்ந்த இடத்துப் பட்டியலில் இருக்காது. இரண்டு பகுதிகளும் பெயர்களைப் பரிமாறிக்கொள்ள ஒரு ஆளை நியமித்தால் மட்டுமே இது சரியாகும்.

யார் எங்கே உட்கார வேண்டும்

அடிக்கடி நடக்கும் தவறு இது: தாய்-சேய் நலத்துக்கென்று தனிக் குழு அமைப்பார்கள், அது தனியாகக் கூடி நல்ல நல்ல தீர்மானங்கள் போடும். ஆனால் ஆக்சிஜன் யாருக்கு, மயக்க மருத்துவர் எந்தப் பிரிவுக்கு, எந்தக் கட்டடம் தொற்று வார்டாகும் என்பதெல்லாம் பெருந்தொற்றுக் கட்டுப்பாட்டு அறையில் அதற்கு முன்பே முடிவாகியிருக்கும். எனவே தாய்-சேய் பொறுப்பாளர் ஒருவருக்குக் கட்டுப்பாட்டு அறையிலேயே நிரந்தர இடம் வேண்டும். பிரசவ அறை, அறுவை அரங்கு, சிசுப் பிரிவு ஆகியவற்றைத் தொடும் எந்த உத்தரவும் அவர் பார்த்த பிறகே வெளியே போக வேண்டும்.

அவருக்குக் கீழே ஒரு சிறு செயற்குழு போதும். ஒவ்வொரு அமைப்பிலிருந்தும் ஒருவர், அவர் நோயுற்றால் மாற்றாக இன்னொருவர். பெருந்தொற்றில் இந்த இரண்டாவது பெயர் கட்டாயம். பொறுப்பாளர் தனிமைப்படுத்தப்பட்ட 14 நாளில் ஒரு பகுதியின் ஆம்புலன்ஸ் ஒருங்கிணைப்பே நின்றுபோகக்கூடும். வருகிறவர்கள் முடிவெடுக்கும் அதிகாரத்தோடு வர வேண்டும். "மேலே கேட்டுச் சொல்கிறேன்" என்பவரை அனுப்பும் அமைப்பு உண்மையில் யாரையும் அனுப்பவில்லை.

உலக அளவில் யுனிசெஃப், உலக சுகாதார நிறுவனம், ஐ.நா. மக்கள்தொகை நிதியம் போன்றவையும், உள்ளூரில் தொண்டு நிறுவனங்களும் உதவிக்கு வரும்போது, ஒரே ஊருக்கு மூவர் பிரசவப் பெட்டி கொடுப்பதும் பக்கத்து ஊருக்கு ஒருவரும் போகாததும் சகஜம். அதைத் தடுக்க ஒரே ஒரு அட்டவணை போதும்: யார், எந்த ஊரில், என்ன செய்கிறார், எந்தத் தேதிவரை. கடைசி நெடுவரிசைதான் முக்கியம். நிதி முடியும் தேதியை முன்கூட்டியே எழுத வைத்தால், சேவை திடீரென்று அறுந்துபோவதற்கு முன்பே அடுத்தவரைப் பிடிக்கலாம்.

ஒப்பந்தம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். அதில் இவை இருந்தால் போதும்: ஒவ்வொரு பணிக்கும் ஒரே ஒரு பெயர், தகவலை யார் யாருக்கு எத்தனை மணி நேரத்தில் தர வேண்டும், தகராறு வந்தால் யார் சொல்வது முடிவு, செலவு யார் கணக்கில். இரண்டு அமைப்புகள் "கூட்டாகப் பொறுப்பு" என்று எழுதியிருந்தால் அந்த வரியை அடித்துவிட்டு ஒரு பெயரைப் போடுங்கள்.

எதைத் தொடக்கூடாது

ஐந்து லட்சம் பேருக்கு அவசர மகப்பேறு சிகிச்சை தரும் மையங்கள் குறைந்தது 5 வேண்டும், அவற்றில் ஒன்றிலாவது சிசேரியனும் ரத்தம் ஏற்றுதலும் இருக்க வேண்டும் என்பது சர்வதேச அளவுகோல். பெருந்தொற்றின்போது இந்த ஐந்தில் எதையும் முழுத் தொற்று மருத்துவமனையாக மாற்ற வேண்டாம். வேறு வழியே இல்லையென்றால், மாற்று இடத்தில் பிரசவ அறையும் அறுவை அரங்கும் ஓடத் தொடங்கிய பிறகே பழையதை மூட வேண்டும். மூடியபின் தேடுவது உயிர்ச்சேதத்தில் முடியும்.

ஆட்களிலும் இதே விதி. மயக்க மருத்துவர், சிசுப் பிரிவுச் செவிலியர், பிரசவம் பார்க்கும் செவிலியர் ஆகியோரைத் தொற்று வார்டுக்கு இழுக்கக் கூடாத பட்டியலில் பெயரோடு சேருங்கள். மூச்சுக்குழாய் பொருத்தத் தெரிந்தவர் என்பதால் மயக்க மருத்துவரைத்தான் தீவிர சிகிச்சைப் பிரிவு முதலில் கேட்கும். அவர் போனால் அந்த மையம் சிசேரியன் மையமாக இருக்காது, கட்டடம் மட்டும்தான் மிஞ்சும். மீதி இருப்பவர்களை ஒன்றோடொன்று கலக்காத நிலையான அணிகளாகப் பிரித்து வேலை கொடுங்கள். ஒருவருக்குத் தொற்று என்றால் ஒரு அணி மட்டும் விலகும், மொத்தப் பிரசவ அறையும் காலியாகாது.

வாசலில் முதல் கேள்வி

காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா என்ற கேள்விகளோடு வரவேற்கும் வாசலில் ரத்தப்போக்கோடு வந்த பெண் வரிசையில் நிற்கிறாள். கேள்விகளின் வரிசையை மாற்றுங்கள். வாசலில் நிற்கும் காவலரும் கேட்கக்கூடிய அளவுக்கு எளிமையாக: வலி வந்துவிட்டதா? ரத்தம் போகிறதா? வலிப்பு வந்ததா? பனிக்குடம் உடைந்ததா? குழந்தை அசைவு குறைந்ததா? கடுமையான தலைவலி, பார்வை மங்கல் உண்டா? இதில் ஒன்றுக்கு "ஆம்" என்றால் நேரே உள்ளே. தொற்றுக் கேள்விகள் அதற்குப் பிறகு, நடந்துகொண்டே.

பரிசோதனை முடிவு சிகிச்சைக்கு நிபந்தனை ஆகக்கூடாது. முடிவு வரும்வரை தொற்று இருப்பதாகவே கருதி, கவச உடையோடு பிரசவம் பாருங்கள். இதற்காக பிரசவ அறையில் ஒரு படுக்கையைத் தடுப்பு வைத்துப் பிரித்து, தனி வழியும் தனிக் கழிவறையும் கொடுத்தால் பல மையங்களுக்குப் போதும். தொற்று உறுதியான பெண் என்பதற்காகவே சிசேரியன் செய்யக் காரணம் இல்லை. மகப்பேறு காரணம் இருந்தால் மட்டுமே. ஒரு துணையாளை, அறிகுறி இல்லாதவராக இருந்தால் முகக்கவசத்தோடு உள்ளே விடுங்கள். துணையைத் தடுக்கும் மையத்துக்கு அடுத்த பிரசவம் வராது, வீட்டிலேயே நடந்துவிடும்.

வண்டி, சாலை, திரும்பிப் போகும் வழி

தாய் இறப்புகளைப் பற்றிப் பேசுவோர் மூன்று தாமதங்களைச் சொல்வார்கள்: போக முடிவெடுப்பதில், போய்ச் சேர்வதில், சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில். பெருந்தொற்று மூன்றையும் ஒரே நேரத்தில் நீட்டுகிறது. நடுவில் இருப்பதைத்தான் பிற துறைகளால் அதிகம் குறைக்க முடியும்.

காவல்துறையிடமிருந்து எழுத்தில் வாங்க வேண்டியது: கர்ப்பிணி, பிரசவமான தாய், பச்சிளங்குழந்தை இருக்கும் எந்த வண்டிக்கும், ஓட்டுநர் உட்பட, ஊரடங்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை, தாய்-சேய் அட்டையே சீட்டு. இந்த உத்தரவு சோதனைச் சாவடி ஒவ்வொன்றுக்கும் போய்ச் சேர்ந்ததா என்பதை அழைத்துக் கேளுங்கள். பல நேரம் உத்தரவு தலைமையகத்திலேயே தங்கிவிடும். குழந்தையைக் கூட்டிக்கொண்டு வீடு திரும்பும் பயணத்தையும் அதில் சேர்க்க மறக்கக் கூடாது. இரவில் கர்ப்பிணியை வாசலில் இறக்கிவிட்ட ஓட்டுநர் ஊரடங்கு நேரத்தில் திரும்பும்போது பிடிபட்டால் மறுநாள் வரமாட்டார்.

ஆம்புலன்ஸில் ஒரு பங்கைப் பிரசவத்துக்கென்று ஒதுக்கி, அவற்றில் தொற்று நோயாளிகளை ஏற்றாமல் வையுங்கள். ஒவ்வொரு தொற்றுப் பயணத்துக்குப் பிறகும் வண்டியைக் கழுவிக் கிருமிநீக்கம் செய்யும் நேரம் போனால், நாளில் ஓடக்கூடிய நடை குறையும். பழைய நடைக் கணக்கை வைத்து வண்டி ஒதுக்கினால் பற்றாக்குறை வருவது இதனால்தான். வண்டியில் பிரசவப் பெட்டியும், சிசுவுக்குச் செயற்கையாக மூச்சு கொடுக்கும் பையும் முகமூடியும், உலர்ந்த துணியும், தொப்பியும் இருக்கட்டும்.

அனுப்பும் மையம் முன்பே தொலைபேசியில் சொல்ல வேண்டும்; ஏற்கும் மையம் "படுக்கை இல்லை" என்று வாசலிலிருந்து திருப்பக் கூடாது. இடமில்லையென்றால் மாற்று இடத்தைத் தேடுவது ஏற்கும் மையத்தின் வேலை. இந்த ஒரு விதியை மருத்துவமனைகள் அனைத்தும், தனியார் உட்பட, கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

மருந்தும் ஆக்சிஜனும்

மருந்துக் கிடங்கைத் தொற்றுப் பிரிவும் பிரசவ அறையும் பங்கிடும்போது, ஒரே மருந்தை இருவரும் கேட்பார்கள். டெக்ஸாமெத்தசோன் நல்ல எடுத்துக்காட்டு. 2020 ஜூனில் கொரோனா தீவிர நோயாளிகளுக்கு அது உயிர்காக்கும் என்று தெரிந்ததும் தேவை எகிறியது. அதே ஊசிதான் 24 முதல் 34 வார கர்ப்பத்தில் குறைமாதப் பிரசவம் நெருங்கும்போது, குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சிக்காக 6 மில்லிகிராம் வீதம் 12 மணி நேர இடைவெளியில் 4 முறை, ஆக 24 மில்லிகிராம், தரப்படுவது. எனவே பிரசவ அறைக்கான பங்கைத் தனி அலமாரியில், தனிப் பதிவேட்டில் பிரித்து வையுங்கள்.

மற்ற அளவுகள், 833 பிரசவக் கணக்கின்படி:

ஆக்சிடோசின் (கருப்பையைச் சுருங்க வைக்கும் ஊசி): ஒவ்வொரு பிரசவத்துக்கும் ரத்தப்போக்கைத் தடுக்க 10 யூனிட். ரத்தப்போக்கு வந்தவர்களுக்குத் தனியாக. 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். மின்வெட்டில் கெட்டுப்போன ஊசி பார்வைக்கு நல்லதாகவே இருக்கும், கருப்பை மட்டும் சுருங்காது. குளிர்பதனம் நம்ப முடியாத மையங்களுக்கு வெப்பம் தாங்கும் கார்பெட்டோசின் 100 மைக்ரோகிராம் தடுப்பு மருந்தாகப் பயன்படும். ஏற்கெனவே ரத்தப்போக்கு தொடங்கியவருக்குச் சிகிச்சையாக அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ட்ரானெக்சாமிக் அமிலம் (ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் மருந்து): ரத்தப்போக்கு 100இல் 6 பேருக்கு என்று கொண்டால் மாதம் 50 பேர். ஆளுக்கு 1 கிராம், தேவைப்பட்டால் 30 நிமிடத்துக்குப் பின் இன்னும் 1 கிராம். ஆக 100 கிராம் கையில் இருக்க வேண்டும். பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள் போட்டால்தான் பயன், எனவே கிடங்கில் இருந்து பலனில்லை, பிரசவ அறையிலேயே இருக்க வேண்டும்.

மெக்னீசியம் சல்பேட் (உயர் ரத்த அழுத்தத்தால் வரும் வலிப்புக்கு): தசை ஊசி முறையில் தொடக்க அளவு 14 கிராம், பின் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 5 கிராம் வீதம் 24 மணி நேரம், ஒருவருக்கு மொத்தம் 44 கிராம். 100இல் 2 பேருக்குத் தேவை என்று கொண்டால் மாதம் 17 பேர், 748 கிராம். அளவு மிஞ்சினால் அதை முறிக்கும் மருந்தான கால்சியம் குளுக்கோனேட்டும் கூடவே இருக்க வேண்டும்.

ஆக்சிஜனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சிசுவுக்கு மூக்குக் குழாய் வழியே நிமிடத்துக்கு 0.5 முதல் 1 லிட்டர் போதும். அதிவேக ஓட்டக் கருவியில் ஒரு பெரியவர் நிமிடத்துக்கு 60 லிட்டர்வரை இழுப்பார். 7,000 லிட்டர் கொள்ளும் பெரிய உருளை ஒன்று, ஒரு சிசுவுக்கு நாலரை நாளுக்கு மேல் வரும். அந்தப் பெரியவருக்கு இரண்டு மணி நேரம்கூட வராது. அதனால்தான் சிசுப் பிரிவு தன் ஆக்சிஜனைப் பொதுக் குழாய் வழியே மட்டும் நம்பியிருக்கக் கூடாது. அழுத்தம் குறையும்போது முதலில் பாதிப்படைவது கடைசியிலிருக்கும் வார்டுதான். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் செறிவூட்டி ஒன்றும், அதைப் பல குழந்தைகளுக்குப் பங்கிடும் ஓட்டப் பிரிப்பானும், உருளை இருப்பும் தனியாக வையுங்கள். ஆக்சிஜன் ஓட்டத்தை அளக்கும் ஓட்டமானி 15 லிட்டர் அளவுகோல் கொண்டதானால், அதில் அரை லிட்டரைத் துல்லியமாக வைக்க முடியாது. 0 முதல் 2 லிட்டர் அளவுள்ள ஓட்டமானி கேட்டு வாங்குங்கள். ஆக்சிஜன் பெறும் குறைமாதக் குழந்தையின் ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 90 முதல் 95 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும். அதிகமாகக் கொடுத்தாலும் விழித்திரை கெட்டுப் பார்வை போகலாம்.

ரத்த தான முகாம்கள் முடக்கத்தில் நின்றுவிடும் என்பதால், ரத்த வங்கி பிரசவத் தேதிப் பட்டியலைப் பார்த்து வாரத் தேவையைக் கணக்கிடட்டும். ரத்தசோகை உள்ளவர்களை முன்பே கண்டு இரும்புச்சத்துச் சிகிச்சை தொடங்குவதும் ரத்தத் தேவையைக் குறைக்கும் வழிதான்.

நன்கொடையாக வரும் பால்மாவுக்கு இங்கேயே ஒரு வார்த்தை. நெருக்கடியில் பால்மா டின்கள் லாரியில் வந்து இறங்கும். 1981இல் ஏற்கப்பட்ட தாய்ப்பால் மாற்றுப் பொருள்கள் விற்பனைக்கான சர்வதேச நெறிமுறையை ஒப்பந்தத்திலேயே சேர்த்து, பொது விநியோகத்தில் பால்மா இல்லை என்று எழுதுங்கள். தாய் இல்லாத, தாயால் ஊட்ட முடியாத குழந்தைக்கு மருத்துவர் மதிப்பிட்டபின் தனியாக வாங்கித் தரலாம்.

கர்ப்பகாலச் சந்திப்புகள்: எதை நேரில், எதைத் தொலைபேசியில்

உலக சுகாதார நிறுவனம் 2016இலிருந்து 8 சந்திப்புகளைப் பரிந்துரைக்கிறது: 12, 20, 26, 30, 34, 36, 38, 40ஆம் வாரங்களில். எல்லாவற்றையும் தொலைபேசிக்கு மாற்றியதுதான் பல இடங்களில் நடந்த பெரிய தவறு. தொலைபேசியில் ரத்த அழுத்தம் தெரியாது, சிறுநீரில் புரதம் தெரியாது, கருவின் வளர்ச்சி தெரியாது. முதல் சந்திப்பு, 20, 30, 36, 38, 40 வாரச் சந்திப்புகளை நேரில் வையுங்கள். நேரம் குறித்து, கூட்டமில்லாமல், ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் ஒரே வருகையில் முடிய வேண்டும். இடையிலுள்ளவற்றைத் தொலைபேசியில் பேசலாம், அபாயக் குறிப்பு இல்லாதவர்களுக்கு மட்டும்.

ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு வீட்டில் பார்க்கும் கருவியை இரவல் கொடுத்து, 140/90ஐத் தொட்டால் அன்றே அழைக்கவும், 160/110 என்றால் அழைக்காமலே கிளம்பி வரவும் சொல்லிவையுங்கள். கருவி கர்ப்பிணிகளுக்குச் சரிபார்க்கப்பட்டதா, கைப்பட்டை அவருடைய கைக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள்; சிறிய பட்டை பொய்யாக அதிகம் காட்டும்.

தாயையும் சேயையும் பிரிக்காமல்

தொற்று பயத்தில் முதலில் நடப்பது பிரித்தல். தேவையற்ற பிரித்தலால் குழந்தைக்கு நன்மையைவிடக் கேடுதான் அதிகம். எடை குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்த உடனே தொடங்கும் கங்காரு பராமரிப்பை (குழந்தையைத் தாயின் மார்பில் தோலோடு தோலாக வைத்துக் கவனிப்பதை) இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா மருத்துவமனைகளில் ஆராய்ந்து 2021இல் வெளியிட்டார்கள்: 28 நாளுக்குள் இறப்பு 15.7 விழுக்காட்டிலிருந்து 12 விழுக்காடாகக் குறைந்தது. கொரோனா காலத்தில் தொற்று உள்ள தாய்க்கும் முகக்கவசம், கை கழுவுதலோடு தோலோடு தோல் அணைப்பும் தாய்ப்பாலும் தொடரவே உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. புதிய நோய்க்கிருமி வந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதையே பின்பற்ற முடியாது. எபோலாவில் தாய்ப்பால் வழியே பரவும் ஆபத்து உண்டு. எனவே ஒவ்வொரு பெருந்தொற்றிலும் "இந்தக் கிருமி தாய்ப்பாலில் வருமா" என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் ஒரே ஒரு நிபுணர் குழுவைக் குறித்து வையுங்கள். ஆளுக்கொரு விதி போட்டால் தாய் குழம்பிப் பால் கொடுப்பதை நிறுத்திவிடுவாள்.

படுக்கை நெருக்கடியால் பிரசவமான சில மணி நேரத்திலேயே வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் தொற்றோடு வந்துவிடும். முதல் 24 மணி நேரம் தாயும் குழந்தையும் கண்காணிப்பில் இருக்க வேண்டும். பிசிஜி, மஞ்சள்காமாலை, போலியோ பிறப்புத் தடுப்பு மருந்துகள் போடாமல் வாசலைத் தாண்ட விடாதீர்கள், பிறகு பிடிப்பது கடினம். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் ஒரு வீட்டுப் பார்வை, 7 முதல் 14 நாளுக்குள் ஒன்று, ஆறாவது வாரத்தில் ஒன்று.

வாரத்துக்கு ஒரு தாள்

நிலைமை கைமீறுகிறதா என்பதைப் பல பக்க அறிக்கை சொல்லாது. ஒரு தாளில் எட்டு எண்கள் போதும்: எதிர்பார்த்த பிரசவம், மையங்களில் நடந்த பிரசவம், வீட்டுப் பிரசவம், இறந்து பிறந்தவை, முதல் 7 நாள் சிசு இறப்பு, தாய் இறப்பு, திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள், ஆக்சிடோசின் இருப்பு எத்தனை நாளுக்கு. முதல் இரண்டு எண்களுக்கும் இடையிலான வித்தியாசம் இரண்டு வாரம் தொடர்ந்து கூடினால், இறப்புகளுக்காகக் காத்திராமல் அன்றே செயற்குழுவைக் கூட்டுங்கள். பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்று: வண்டி கிடைக்கவில்லை, மையம் மூடிவிட்டதாக வதந்தி, உள்ளே போனால் தொற்றும் என்ற பயம். முதலாவதுக்கு வண்டியும் மற்ற இரண்டுக்கும் மகளிர் குழுக்கள், களப்பணியாளர்கள் வழியே நேரடிப் பேச்சும் மருந்து. விளம்பரப் பலகை உதவாது.

ஒவ்வொரு தாய் இறப்பையும் 24 மணி நேரத்துக்குள் அறிவித்து, யார் குற்றம் என்று தேடாமல் எந்த இடத்தில் தாமதமானது என்று தேட வேண்டும். ஆம்புலன்ஸ், காவல், ரத்த வங்கி ஆட்களும் அந்த மதிப்பாய்வில் இருக்கட்டும். தாமதம் அவர்கள் பக்கத்தில் இருந்தால் அவர்களே மாற்ற வேண்டும், மருத்துவமனை மட்டும் கற்றுக்கொண்டு பயனில்லை.

அலை தணிந்தபின் செயற்குழுவை உடனே கலைக்காதீர்கள். முடக்கத்தில் குழந்தை பெற்றவர்களின் பட்டியலை எடுத்து, ஆறாவது வாரப் பரிசோதனை விடுபட்டவர், பிறப்புத் தடுப்பூசி விடுபட்ட குழந்தை, கருத்தடை முறை கேட்டும் கிடைக்காதவர், ரத்த அழுத்தத்துக்கு மருந்து தொடர வேண்டியவர் என நான்காகப் பிரித்து, களப்பணியாளர் ஒவ்வொருவருக்கும் அவரவர் ஊர்ப் பெயர்களைக் கொடுங்கள். அந்தப் பட்டியலில் கடைசிப் பெயருக்கும் எதிரே தேதி விழுந்தபிறகு செயற்குழுவைக் கலைக்கலாம்.